கடுகு பொறுக்கும் மெஷின்

சேர்க்கிட் போட்டில் வைக்கிற அந்தக் கடுகளவு சாமானை மெஷின் உறிஞ்சி எடுத்துவிட்டது. கீழே விடத்தான் மாட்டேன் என்றது.

தில்லைநாதன் ஊசியைத் தட்டினார், ஊதினார், கடைசியில் கெஞ்சியும் பார்த்தார். நாளைக்குக் காலையில் உதவித் திட்டக் கந்தோரிலிருந்து பர்ஸானா என்கிற உத்தியோகத்தர் பார்க்க வருகிறாள். சோலார் லாம்புக்கு முந்நூறு சேர்க்கிட் போட் செய்கிற ஓடர். கிடைத்தால் சொந்த ஊர் அடம்பனிலேயே இருக்கலாம். கிடைக்காவிட்டால் கொழும்புக்கு வேலைக்குப் போகவேண்டும். இந்தியாவில் பதினெட்டு வருஷம் அகதி முகாமில் கிடந்துவிட்டு வந்து, சொந்த வீட்டில் ஒரு வருஷங்கூட இருக்காமல் பெட்டி கட்ட அவருக்கு மனம் வரவில்லை.

கையால் செய்தால் போதாதா என்று நீங்கள் கேட்பீர்கள். மனைவி றஞ்சிதமும் அதைத்தான் கேட்டாள். முகாமில் அவர் ரேடியோ திருத்தும்போது கூட இருந்து பழகிய கை அவளுடையது. ஆனால் மீள்குடியேறிய நாளிலிருந்து தில்லைநாதன் ஊரைக் கவனித்து வருகிறார். உதவி கொடுக்க வருகிறவர்கள் மெஷினைக் கண்டால் நின்று படம் எடுக்கிறார்கள். மனிசரைக் கண்டால் படிவத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அதனால் ஃபோனில் பர்ஸானாவிடம் அவர் வாய் தானாகச் சொல்லிவிட்டது: "எங்களிட்டை மெஷின் இருக்கு, தங்கச்சி."

இருந்தது வாய் மட்டுந்தான். மெஷினை அதற்குப் பிறகுதான் செய்யத் தொடங்கினார். பழைய பிரின்டரின் தண்டவாளம், மீன்தொட்டிக்குக் காற்றடிக்கிற பம்பு, ஒரு ஆஸ்பத்திரி ஊசி, றஞ்சிதத்தின் தையல் மெஷின் மோட்டர். மோட்டரைக் கேட்காமல் கழற்றியதால் வீட்டில் இரண்டு நாள் கதைபேச்சு இல்லை.

சாமானை விடட்டும் என்று ஊசியில் ஒரு துளை போட்டார். பாதி வழியிலேயே விட்டது. வேகமாகப் போனால் விழாது என்று தண்டவாளத்தில் தலைக்கு வைக்கிற எண்ணெயைப் பூசினார். இப்போது சாமான்களை முற்றம் வரைக்கும் எறிந்தது. முற்றத்தில் நின்ற கோழி அவற்றில் ஒன்றையும் தவறவிடாமல் பொறுக்கியது. வீட்டில் ஒழுங்காக ஓடுகிற ஒரே மெஷின் அதுதான் என்று தில்லைநாதனே ஒப்புக்கொண்டார்.

"கொழும்புக்குப் போறதெண்டால் சொல்லுங்கோ, உடுப்புத் தோய்க்கோணும்," என்றாள் றஞ்சிதம்.

அவர் கண் கொடியில் காய்ந்த சேலையில் போய் நின்றது.

விடிந்ததும் மெஷினுக்குப் பின்னால் அந்தச் சேலையைக் கட்டினார். சேலைக்குப் பின்னால் றஞ்சிதம், கையில் சாமானைக் கவ்விப் பிடிக்கிற மெல்லிய சாவணம். முன்னால் மெஷின் ஆடும், பம்பு இரையும். வெறும் போட் சேலைக்குள் போகும், நிரம்பி வெளியே வரும்.

பர்ஸானா வந்து கதிரையில் இருந்தாள். வெளியே வந்த போட்டைத் தூக்கிப் பார்த்தாள். சாமான்கள் எல்லாம் கோடு போட்டதுபோல் நேராக இருந்தன. தில்லைநாதனுக்குப் பெருமையில் புளுகம் தாங்கவில்லை. மனிசக் கை படுவதே இல்லை, மனிசர் செய்தால் இந்தத் திறம் வராது என்று அளந்தார்.

அப்போது சேலை தும்மியது.

"பம்பு," என்றார் தில்லைநாதன். "காத்து அடைச்சால் அப்பிடித்தான்."

சேலை இரண்டாந்தரமும் தும்மியது. உடனே மோட்டர் புகைந்து நின்றது. பம்பும் அடங்கியது. அதற்குப் பிறகும் சேலைக்குள்ளிருந்து இன்னொரு போட் நிரம்பி வெளியே வந்தது.

பர்ஸானா அதையும் எடுத்துப் பார்த்துவிட்டு ஃபைலைத் திறந்தாள். தில்லைநாதன் மனதுக்குள் கொழும்பு பஸ்ஸில் ஏறி இருந்துவிட்டார்.

"மெஷின் இருக்கெண்டு நீங்கள் சொன்னதால, ஓடர் இல்லையெண்டு சொல்லிப்போட்டுப் போகத்தான் வந்தனான், அண்ணை," என்றாள் பர்ஸானா. "இந்த ஓடர் கையால செய்யிற பொம்பிளைகளுக்கு மட்டுந்தான். சேலைக்குப் பின்னால இருக்கிற அக்காட முழுப்பேர் என்ன?"