சங்குக்கடையார் வெட்டிய பதுங்குகுழி

திருகோணமலைத் துறைமுகத்துக்கு உலகத்துக் கப்பல்கள் எல்லாம் வந்து போகின்றன. ஆனால் வசந்த காலத்தையே பிடித்து இழுத்துவந்து இங்கே இறக்கப் பார்த்தவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் தெருச் சங்குக்கடையார்.

கடற்படைக்காரர்கள் ஊருக்கு அனுப்பும் பரிசுப் பொருள்களை அவரிடம்தான் வாங்குவார்கள்: பெரிய சங்கு, சிப்பி ஒட்டிய பெட்டி, கருங்காலி யானை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய் இங்கிலீசு படித்தவள் நான். ஆகவே கடையில் வெள்ளைக்காரரோடு பேசும் உத்தியோகம் எனக்கு.

உலக யுத்தம் நடந்த ஒரு மாசி மாதம், மாரி மழை ஓய்ந்த கையோடு, இளம் மாலுமி ஒருவன் யானையைத் தடவிக்கொண்டே ஏதோ சொல்லிக் கண்ணைத் துடைத்தான்.

"என்னவாம் பிள்ளை? விலை கூடவாமோ?"

"இல்லை முதலாளி. அவரின்ரை ஊரிலை இப்ப வசந்தம் வரப்போகுதாம். வீட்டு வாசல் முழுக்கப் பூவாம்."

சங்குக்கடையார் மேசையில் ஓங்கி அடித்தார். "அழ வேண்டாம் எண்டு சொல்லு! வசந்தத்தை நாங்கள் இஞ்சை வைப்பம்!"

அன்றைக்கே பக்கத்து வயலூரான தம்பலகாமத்துக்கு ஆள் போனது. வண்டி நிறைய மாட்டெரு வந்து இறங்கியது. வாசலில் செவ்வந்தி, சீனியா, கோழிக்கொண்டை. வாசல் நிரம்பியதும் கடைக்குள் நடத் தொடங்கினார். சங்குக்குள் மண், சிப்பிப் பெட்டிக்குள் நாற்று. வாங்க வந்தவர்கள் தொட்டால் பாய்ந்து விழுவார். "அது விக்கேலாது! வேர் பிடிக்குது!"

அவருடைய மனைவி பெருத்த உடம்பும் மெலிந்த பொறுமையும் உள்ளவர். "இஞ்சருங்கோ, யானையின்ரை முதுகிலைதான் இன்னும் ஒண்டும் நடேல்லை. அதையும் செய்யுங்கோவன்!"

"பாத்தனான். மண் நிக்குதில்லை."

பங்குனியில் எல்லாம் மொட்டு வைத்தன. கூடவே வந்தார் விமானத் தாக்குதல் காவலர், தொப்பியும் விசிலுமாக.

"முதலாளி, யப்பான்காரன் வரப்போறான். இதுகளைப் புடுங்கிப்போட்டு வாசலிலை பதுங்குகுழி வெட்டுங்கோ."

சங்குக்கடையார் பாத்தி நடுவே மல்லாந்து படுத்தார். "முதல்லை என்னைப் புடுங்கும்!"

"நாளைக்குக் குழி இல்லையெண்டால் கடையைப் பூட்டுவம்!"

கடை போனால் சோறு போய்விடும். செடி போனால் அவரே போய்விடுவார். விடிந்ததும் மண்வெட்டியோடு இறங்கினார். ஒரு செடியையும் தொடவில்லை. செவ்வந்தி நின்றால் குழி இடப்பக்கம் திரும்பியது; சீனியா நின்றால் வலப்பக்கம் வளைந்தது.

"இது குழியோ, பாம்பு போன தடமோ?" என்று காவலர் துள்ளினார். நேரே போய் ஒரு வெள்ளைக்கார அதிகாரியைக் கூட்டிவந்தார். அதிகாரி குனிந்து பார்த்தார், நடந்து பார்த்தார், பிறகு சங்குக்கடையாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நான் தமிழில் சொன்னேன்: "வளைஞ்சு போனால்தான் குண்டுச் சிதறல் நேரை ஓடாதாம். தெருவிலை எல்லாரும் இப்பிடித்தான் வெட்ட வேணுமாம்!"

"கேட்டீரோ?" என்று சங்குக்கடையார் காவலரின் விசிலைத் தட்டினார். "பூ சொன்னபடி வெட்டினனான்!"

வருஷப் பிறப்பு நெருங்கிய ஒரு காலையில் சைரன் அலறியது. எங்கள் தெருவே அந்தக் குழிக்குள் பாய்ந்தது. கடைசியாக இறங்கிய அவருடைய மனைவி முதல் வளைவிலேயே இறுகிப்போனார். அந்த வளைவின் மேட்டில்தான் எல்லாவற்றிலும் பெரிய செவ்வந்தி, அன்று விரிந்த பூவோடு நின்றது. வானத்தில் இரைச்சல் நெருங்கியது.

"என்னாலை ஏலாது. நீங்கள் உள்ளுக்குப் போங்கோ" என்று அவர் அழுதார்.

சங்குக்கடையார் செவ்வந்தியை வேரோடு பிடுங்கி எறிந்தார். மேட்டைப் பத்து விரலாலும் பிறாண்டி இடித்தார். "வாரும், வாரும்!" என்று மனைவியை உள்ளே இழுத்துத் தன் உடம்பால் மூடினார். துறைமுகப் பக்கம் குண்டு விழுந்து நிலம் குலுங்கியது.

"முதலே சொல்லியிருந்தால் இந்த மூலையை அகலமா வெட்டியிருப்பனே!"

"என்ரை அளவு உங்களுக்குத் தெரியாதோ?"

வெடிச் சத்தத்துக்கு நடுவே தெருவே சிரித்தது.

அதன் பிறகு ஊர் காலியானது. அவர்களும் தம்பலகாமத்துக்கு வண்டி கட்டினார்கள். போகிற வழியில் எங்கள் வாசலில் சீனியா நாற்றுகளை இறக்கிவைத்தார். "பிள்ளை, காயவிட்டால் வந்து ஏசுவன்!"

நான் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன். சில நாள்களில் மட்டும், வேண்டுமென்றே ஒரு செடியைக் காயவிட்டுப் பார்க்கலாமா என்று தோன்றுகிறது.