சுண்ணாம்புக்குச் சிவக்காத மாப்பிள்ளை

விதியைப் படிக்காதவனால் ஓர் அலுவலகத்துக்குப் பெரிய சேதம் வராது. அவனை யாராவது திருத்திவிடுவார்கள். படித்துவிட்டு, அதை எழுதியவரைவிட நன்றாகச் செய்து காட்டுகிறேன் என்று கிளம்புகிறவனை யாராலும் காப்பாற்ற முடியாது. ரயில்வே சரக்கு அலுவலகத்தில் ஆயுளைக் கழித்தவன் சொல்கிறேன். அந்த இரண்டாம் ரகத்தில் நான் உச்சத்தில் இருந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், பிரிக்ஃபீல்ட்ஸில், எனக்குப் பெண் பார்த்திருந்த சமயத்தில்.

பெண் கிள்ளானில். பெயர் செண்பகம். அவள் அப்பா ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில் டிரெசர். டாக்டர் எப்போதாவது காரில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற அந்தக் காலத்தில், தோட்டத்து ஜனங்களுக்கு டிரெசர்தான் டாக்டர். அவர் 'ஒன்றுமில்லை' என்றால் ஒன்றுமில்லை; 'படு' என்றால் படுக்க வேண்டியதுதான். பெண் பார்க்கப் போன அன்று எல்லாரும் என் உத்தியோகத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்க, அவர் மட்டும் என் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புறப்படும்போது அக்காவிடம் சொன்னார்: "மாப்பிள்ளை கொஞ்சம் வெளுப்பா இருக்காரும்மா. ரத்தம் கம்மி போல. நிச்சயத்துக்குள்ள உடம்பைத் தேத்திக்கச் சொல்லுங்க."

எனக்கு அப்பா அம்மா இல்லை. அக்காதான் எல்லாம். அதற்கு முன் அவள் பார்த்த இடங்களில் என் ஒடிசலான தோள்பட்டையைப் பார்த்ததுமே காபியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதெல்லாம் எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. ஆனால் இந்தப் பெண், காபித் தட்டை வைத்துவிட்டுத் திரும்பும்போது நிலைப்படியில் கால் இடித்துக்கொண்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் பார்த்துவிட்டேன். அதற்கப்புறம் வேறு இடம் என்ற பேச்சே எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகவே ரத்தம் வேண்டும். அதுவும் சீக்கிரம்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகசாலையில் இந்தியாவிலிருந்து வந்த இயற்கை வைத்தியப் புத்தகம் ஒன்று கிடந்தது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் காய்கறிச் சாறு குடித்தால் ரத்தம் ஊறும், முகம் பொலிவு பெறும் என்று போட்டிருந்தது. நல்ல யோசனைதான், இன்றைக்கும் அதில் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு தம்ளர் என்பது சாவகாசமான ஆசாமிகளுக்கு என்று எனக்குத் தோன்றியது. அவகாசம் குறைந்த வேலைக்கு ஆளைக் கூட்டுவது ரயில்வே வழக்கம். நான் தம்ளரைக் கூட்டினேன்.

பாசாரில் காய்கறி விற்கும் சீனரிடம் காரட், மஞ்சள் பூசணி, பழுத்த பப்பாளி என்று சுமந்து வருவேன். தேங்காய்த் துருவியில் துருவி, பழைய வேட்டித் துணியில் கட்டிப் பிழிவேன். காலையில் ஒரு செம்பு, மாலையில் ஒரு செம்பு. மத்தியானத்துக்கு ஒரு பாட்டில் ஆபீசுக்கும் போகும். (பெரிய கிளார்க் அதைக் கள்ளு என்று சந்தேகப்பட்டு மோந்து பார்த்தார். பச்சைப் பூசணி வாடை பட்டதும், கள்ளாகவே இருந்திருக்கலாம் என்ற முகத்தோடு திரும்பிப் போனார்.) சோறு ரத்தத்தை மந்தமாக்கும் என்று நானாகவே ஒரு விதி சேர்த்துக்கொண்டு சோற்றையும் விட்டேன்.

என்னோடு அறையில் இருந்தவன் சுந்தரம், தந்தி ஆபீஸ்காரன். "டேய், கல்யாணம் உனக்கா, முயலுக்கா?" என்பான்.

"முகத்தில் பொலிவு தெரியுதா, அதைச் சொல்லு."

அறையில் இருந்தது மங்கலான ஒரே விளக்கு; சரக்கு ஆபீசும் இருட்டுக் கிடங்குதான். அவன் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "ஏதோ தெரியுதுடா," என்றான். அந்த 'ஏதோ' என்ன என்று நான் விசாரித்திருக்க வேண்டும்.

நிச்சயதார்த்தத்தன்று காலை அக்காவோடு கிள்ளான் ரயிலில் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, பெருமையாகக் கையை வெளியே நீட்டியபடி வந்தேன். நல்ல வெயில். எதிரே இருந்த அக்கா திடீரென்று என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"டேய், என்னடா இது?"

பார்த்தேன். என் உள்ளங்கை, உள்ளங்கையாக இல்லை. பழுத்த பலாச்சுளை நிறத்தில் இருந்தது. மற்றக் கையும் அதே. அக்கா என் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அவள் வாய் திறந்தது, மூட மறந்தது.

"மூக்கு, காது மடல் எல்லாம் மஞ்சளாடா பாவி!"

கிள்ளான் ஸ்டேஷன் குழாயடியில் அவள் சோப்பு வாங்கி என் கையைத் தேய்த்த தேய்ப்பில் தோல் சிவந்தது, மஞ்சள் நகரவில்லை. சாறு குடித்த கதையைச் சொன்னேன். "இதை அங்கே போய்ச் சொன்னா நம்புவாங்களா? பைத்தியம்னு நினைப்பாங்க," என்றாள். அப்புறம் புடவையை உதறிக்கொண்டு, "நீ வாயைத் திறக்காதே. நான் பேசிக்கிறேன்," என்றாள்.

அவள் பேசிக்கொண்ட விதம் இதுதான். பெண் வீட்டு வாசலில் அத்தனை பேரும் என்னைப் பார்த்துத் திகைத்து நின்றபோது, சிரித்துக்கொண்டே சொன்னாள்: "எங்க பக்கத்து வழக்கம். நிச்சயத்துக்கு முதல் நாளே மாப்பிள்ளைக்கு மஞ்சள் பூசி நலங்கு வெச்சிடுவோம்."

"கல்யாணத்துக்குத்தானே நலங்கு?" என்றாள் பெண்ணின் அம்மா.

"எங்க பக்கம் நிச்சயத்துக்கே உண்டுங்க."

"இவ்வளவு பூசுவாங்களா?"

"வசதிக்குத் தக்கபடி," என்றாள் அக்கா. (பிறகு இதைச் சொல்லிச் சிரித்தோம். அப்போது சிரிக்கவில்லை.)

தட்டு மாற்ற வேண்டிய நேரம். வெற்றிலை, பாக்கு, பழம், பூ எல்லாம் பாயில் பரப்பியிருந்தது. டிரெசர் என் எதிரே உட்கார்ந்து என் கையைப் பிடித்தார். பார்த்தார். கட்டை விரலால் தேய்த்தார். தன் விரலைப் பார்த்தார். அதில் ஒன்றும் ஒட்டவில்லை. பிறகு வெற்றிலைத் தட்டிலிருந்து சுண்ணாம்பை ஒரு துளி எடுத்து என் உள்ளங்கையில் குழைத்துத் தடவினார்.

ஆரத்தி கரைத்த வீட்டில் பிறந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் ரத்தமாகச் சிவக்கும். அந்தக் கூடம் முழுக்க என் உள்ளங்கையைப் பார்த்தது. நானும் பார்த்தேன். வாழ்க்கையில் எந்த நிறத்துக்காகவும் நான் அப்படி வேண்டிக்கொண்டதில்லை.

சுண்ணாம்பு வெள்ளையாகவே இருந்தது.

"இது மஞ்சள் இல்லைம்மா," என்றார் டிரெசர், அக்காவைப் பார்த்து. "காமாலை."

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பாயோடு நகர்ந்தார். யாரோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள். "கீழாநெல்லி அரைச்சுக் குடுங்க" என்று ஒரு குரல். "நோயை மறைச்சுப் பொண்ணு கேட்டு வந்திருக்காங்க" என்று இன்னொரு குரல். அக்கா முகம் செத்துப்போயிருந்தது.

"காமாலை இல்லீங்க," என்றேன். "காரட் சாறுங்க."

"என்ன?"

"பூசணியும் உண்டுங்க. நீங்கதான் ரத்தம் கம்மின்னு..."

"காய்கறி தின்னு மஞ்சளானவனை நான் இத்தனை வருஷத்துல பார்த்ததில்லை, தம்பி," என்றார். அதுவரை நான் மாப்பிள்ளை. ஒரு துளி சுண்ணாம்பில் தம்பி ஆகிவிட்டேன். "முதல்ல உடம்பைப் பாருங்க. மத்ததை அப்புறம் பேசலாம்." தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். 'அப்புறம் பேசலாம்' என்று ஆபீசில் எழுதப்பட்ட கோப்பு எதுவும் திரும்பி வந்ததை நான் கண்டதில்லை.

அப்போது உள் அறைக் கதவருகே அசைவு. செண்பகம் வந்து நின்றாள். அப்படியே அங்கே நிற்பாள் என்று நினைத்தோம். நிற்கவில்லை. பட்டுப் புடவை சரசரக்கக் கூடத்தைக் கடந்து நேரே என் எதிரே வந்தாள். அவள் அம்மா "ஏய், செண்பகம்!" என்றது பாதியில் நின்றது.

"கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திரும்புங்க," என்றாள் என்னிடம்.

திரும்பினேன்.

"மேலே பாருங்க."

பார்த்தேன்.

"என்னைப் பாருங்க."

பார்த்தேன். நிச்சயம் ஆகாத பெண், ஊர் பார்க்க, ஒருவன் கண்ணுக்குள் நேராகப் பார்க்கிறாள்! அங்கிருந்த கிழவர்களுக்கு என் மஞ்சளைவிட இதுதான் பெரிய அதிர்ச்சி. எனக்கும்தான்.

அவள் அப்பாவிடம் திரும்பினாள். "கண்ணு வெள்ளையா இருக்கேப்பா. ஈரல் கெட்டுக் காமாலை வந்தா முதல்ல கண்ணுதான் மஞ்சளாகும்னு நீங்கதானே சொல்வீங்க?"

டிரெசர் எழுந்து வந்து பார்த்தார். இரண்டு கண்ணையும் இழுத்துப் பார்த்தார். சுண்ணாம்பு வைப்பதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய முதல் சோதனை அது. நான் சுட்டிக்காட்டவில்லை. எனக்கும் சில சமயம் புத்தி வேலை செய்யும்.

"எவ்வளவு குடிச்சீங்க?" என்று கேட்டார்.

சொன்னேன். காலைச் செம்பு, ஆபீஸ் பாட்டில், மாலைச் செம்பு, சோறு தள்ளுபடி. காமாலைக்குக்கூட அவர் முகம் அப்படி மாறவில்லை.

"மனுஷனாய்யா நீங்க? மாடு கூட வைக்கோல் நடுவுல மூச்சு விடும்!"

கூடத்தில் முதலில் சிரித்தது செண்பகம். நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். டிரெசர் தட்டை என் பக்கம் தள்ளினார்.

"மாப்பிள்ளை பழைய நிறத்துக்கு வந்தப்புறம்தான் முகூர்த்தம். அதுவரைக்கும் சோறு. சாறு வேணும்னா ஒரு தம்ளர். ஒண்ணுதான்."

ஆக, என் முகூர்த்தத்தை எந்தப் பஞ்சாங்கமும் குறிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் கிள்ளானுக்குப் போய் மாமனாரிடம் உள்ளங்கையை நீட்டினேன். அவர் தலையசைத்த பிறகுதான் பத்திரிகை அச்சுக்குப் போனது. சாறு குடிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. காலையில் ஒரு தம்ளர். பிழிவதும் அளப்பதும் செண்பகம். துருவி இருக்கும் இடம் எனக்குத் தெரியாது.

எங்கள் மூத்த மகள் கல்யாணமான புதிதில் ஒருநாள் ஆசையாகக் கேட்டாள்: "அம்மா, அத்தனை பேர் நடுவுல அப்பாவைக் கண்ணோடு கண் பார்த்தீங்களே, அப்ப என்னம்மா தோணிச்சு?"

செண்பகம் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"ஈரல் நல்லா இருக்குன்னு தோணிச்சு."

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாரும் காதலில் விழுவதில்லை. யாராவது யாரையாவது விரும்புகிற செய்தி வந்தால், பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, 'ஈரல் நல்லா இருக்காம்' என்கிறார்கள்.