ஒன்றும் தெரியாதவர் தேவை

யோகேந்திரனுக்கு அவசரமாக, ஒன்றுமே தெரியாத ஒருவர் தேவைப்பட்டார்.

தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாகக் கணக்கெழுதும் கிராணியாக இருப்பவர் இப்படி ஓர் ஆளைத் தேடி அலைவார் என்று யார் நினைத்தார்கள்! எல்லாம் அவரே இழுத்துவிட்டுக்கொண்ட வம்பு. காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டுப் பதிவேட்டில் குறிக்கும் வழக்கத்தை நிறுத்திவிட்டு, அவரவர் கைப்பேசியிலேயே வருகையைப் பதிந்துகொள்ளக் கம்பெனி ஒரு செயலியை அனுப்பியிருந்தது. அதை நிறுவுவது எப்படி என்று கூடவே நாற்பது பக்க ஆங்கிலப் புத்தகம்.

"இதைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள கொழுந்து முத்திப் போயிடும் மேடம். நான் தமிழ்ல ஒரே தாள்ல எழுதிடுறேன் லா," என்று கோலாலம்பூர் தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த திலகா மேடத்திடம் வாயை விட்டார்.

"நல்லது. வெள்ளிக்கிழமை வர்றேன். இந்த ஆப்பைத் தொட்டே பாக்காத ஒருத்தரைப் பிடிச்சு வைங்க. அவங்க கையில உங்க தாளைக் குடுப்பேன். நீங்க வாயைத் திறக்கக் கூடாது. அவங்க தனியா முடிச்சிட்டா, நம்ம நாலு தோட்டத்துக்கும் உங்க தாள்தான்."

"முடிக்கலன்னா?"

"சொல்லிக் குடுக்க இங்கயே ஒரு ஆளைப் போடணும். அவருக்கு உங்க மேசை வேணும். கோலா தெர்லா காய்கறிக் கிடங்குல உங்களுக்கு ஓர் இடம் இருக்கு."

யோகேந்திரனுக்குத் தன் மேசை மேல் கொள்ளைப் பிரியம். சன்னலோர மேசை. பனி விலகினால் சரிவு முழுக்கப் பச்சையாகத் தெரியும். அதை விட்டுவிட்டுக் கிடங்கில் முட்டைக்கோசு மூட்டைகளோடு மிச்சக் காலத்தைத் தள்ளுவதை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

திங்களன்று மருந்தடிக்கும் வேலப்பனைப் பிடித்துத் தாளைக் கொடுத்தார். காலை ஒன்பது மணிக்குத் தாளோடு போனவர், தேநீர் வேளை தாண்டியும் பள்ளத்தில் கைப்பேசியைப் பார்த்தபடியே நின்றிருந்தார்.

"என்ன வேலப்பன், இன்னும் முடியலையா?"

"வட்டம் சுத்தி நிக்குற வரைக்கும் காத்திருக்கச் சொல்லியிருக்கீங்க கிராணியாரே. அது நிக்கல. நான்தான் நிக்குறேன்."

அந்தப் பள்ளத்தில் என்றைக்குமே கைப்பேசிக்கு லைன் கிடைக்காது. யோகேந்திரன் தாளில், 'முதலில் தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறவும்' என்று சேர்த்தார். வேலப்பன் மேட்டில் ஏறினார், மழை பிடித்துக்கொண்டது. ஈர விரலுக்குக் கைப்பேசி மசியவில்லை. 'குடை எடுத்துச் செல்லவும். விரலைத் துடைக்கவும்' என்று சேர்த்தார். அடுத்து, இருப்பிடத்தை அறிய அனுமதி கேட்ட இடத்தில் வேலப்பன் அடியோடு மறுத்துவிட்டார்.

"நான் எங்க இருக்கேன்னு என் வீட்டுக்காரிக்கே சொல்றதில்ல. இதுக்கு எதுக்குச் சொல்லணும்?"

அதற்கு ஒரு முழுப் பக்கம் விளக்கம் எழுத வேண்டியிருந்தது. மாலைக்குள் ஒரு தாள் ஐந்து தாளாகிவிட்டது. ஒருவழியாகச் செயலியும் ஏறியது. அப்போதுதான் யோகேந்திரனுக்கு உறைத்தது: வேலப்பனுக்கு இப்போது எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்ட மனிதரைத் திரும்பத் தெரியாதவராக்க ஒரு வழியும் இல்லை. ஐந்து தாளைச் சோதிக்கப் புது ஆள் வேண்டும்.

செவ்வாயன்று லோரி ஓட்டும் புனிதனிடம் போனார்.

"அது போன வாரமே போட்டாச்சே அண்ணே."

"யாரு போட்டா?"

புனிதன் லோரி டயரை மும்முரமாகப் பார்க்க ஆரம்பித்தான்.

அடுத்த வீட்டிலும் போட்டாகிவிட்டது. அதற்கடுத்த வீட்டிலும் அப்படியே. தொழிலாளர் லயத்தில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் செயலி அவரை முந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. யாரோ ஒருவர் வீடு வீடாகப் போய், கைவசம் இருந்த தெரியாதவர்களையெல்லாம் கெடுத்துக்கொண்டிருந்தார்!

புதன் காலைப் பெரட்டில் யோகேந்திரன் வெடித்தார். "எவன் அது? என் கையில மாட்டினா நேரா துரைகிட்ட ரிப்போர்ட்தான்! லயத்துக்குள்ள இனி தலைகாட்ட முடியாது!"

எல்லோரும் குனிந்து தங்கள் ரப்பர் பூட்ஸையே பார்த்தார்கள்.

அந்தக் கூட்டத்தின் கடைசியில்தான் நவமணியைக் கண்டார். ஐம்பத்தாறு வயது, கொழுந்து பறிப்பவர். கையில் ரப்பர் வளையம் சுற்றிய பழைய பட்டன் போன். அதில் செயலியாவது, ஒன்றாவது! யோகேந்திரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"நவமணியக்கா, இந்த ஆப்பைப் பத்தி உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?"

நவமணி மழை இறங்கிக்கொண்டிருந்த சரிவை ஒரு தரம் பார்த்தார். பிறகு அலுவலகத்தின் சுடுதண்ணீர்ப் பிளாஸ்கைப் பார்த்தார். "எனக்கு என்னாங்க ஐயா தெரியும்?"

"அப்ப வெள்ளிக்கிழமை வரைக்கும் ஆபீஸ்லயே உக்காருங்க. முழு நாள் சம்பளத்துக்குப் பேர் போட்டுடுறேன். ஒரே வேலைதான். எதையும் தெரிஞ்சுக்கக் கூடாது!"

"குடிக்க மைலோ கிடைக்குமா?"

கிடைத்தது. ஆனால் நவமணியை ஒன்றும் தெரியாதவராகவே வைத்திருப்பது லேசான காரியமில்லை. அச்சு இயந்திரம் தாளை எப்படி ஒன்றொன்றாக இழுக்கிறது, சுவர்க் கடிகாரத்துக்கு எங்கே பேட்டரி என்று கேட்டுக்கொண்டே இருந்தார். யோகேந்திரன் தாளை வாய்விட்டுப் படித்துத் திருத்தும்போது மட்டும் சும்மா இருப்பாரா?

"ரகசிய நம்பர் மறந்து போச்சுன்னா என்னாங்க ஐயா பண்ணுவாங்க?"

யோகேந்திரன் திடுக்கிட்டார். அதை அவர் எழுதவே இல்லை.

"அஞ்சு தாளை மழையில எந்தக் கையால பிரட்டுறது? ஒரு கையில குடை, ஒரு கையில போனு."

அதுவும் சரிதான். யோகேந்திரன் வெட்டினார், சுருக்கினார், படம் போட்டார். வியாழன் மதியத்துக்குள் ஐந்து தாள் மறுபடி ஒரே தாளாகிவிட்டது. நவமணியை நினைத்து உள்ளுக்குள் பூரித்துப்போனார். இப்படியெல்லாம் கேட்க, நிஜமாகவே ஒன்றும் தெரியாதவரால்தான் முடியும்!

வெளித் தொல்லைதான் தாங்கவில்லை. கொழுந்து பறிக்கும் உமாதேவி, கைப்பேசியைக் குடைக்குள் பிடித்தபடி சன்னலைத் தட்டினாள்.

"ஐயா, அக்காவ ரெண்டே நிமிசம் பாக்கணும்."

"சொல்லிக் குடுக்க வந்துட்டியா? போ, போ!"

அரை மணி நேரத்தில் இரண்டு பேராக வந்தார்கள். மாலைக்குள் ஏழு பேர், கையில் ஏழு கைப்பேசி. எப்படியாவது நவமணிக்குச் சொல்லிக் கொடுத்துவிடுவது என்று லயமே கங்கணம் கட்டிக்கொண்டதாக யோகேந்திரன் நம்பினார். தன் அருமைச் சன்னலையே பழைய நாளிதழால் ஒட்டி மறைத்தார். அதற்குப் பலனும் இருந்தது. நவமணி உள்ளே வந்ததிலிருந்து, லயத்தில் இன்னார் புதிதாகச் செயலி போட்டுக்கொண்டார் என்று ஒரு பேச்சும் இல்லை. திருட்டுத்தனமாகப் போட்டுக் கொடுத்தவர் பயந்துவிட்டார் என்று மீசையை நீவிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை திலகா மேடம் வந்தார். பெட்டியைப் பிரித்து ஒரு புதுக் கைப்பேசியை நவமணியிடம் நீட்டினார்.

"பயப்படாதீங்கம்மா. தாள்ல இருக்கிறபடி செய்யுங்க."

நவமணி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முந்தானையில் விரலைத் துடைத்தார். ஒவ்வொரு வரியையும் உதடு அசையப் படித்தார், பொத்தானைத் தொட்டார், அடுத்த வரிக்குப் போனார். யோகேந்திரன் வாயைக் கையால் பொத்தியபடி மூலையில் நின்றார். கோலா தெர்லா முட்டைக்கோசுகள் கண்முன் உருண்டன.

நான்காவது நிமிடம் கைப்பேசி 'டிங்' என்றது. 'வணக்கம், நவமணி' என்று திரையில் வந்தது.

"நம்பவே முடியல!" திலகா மேடம் யோகேந்திரனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நாற்பது பக்கத்துல நாங்க செய்ய முடியாதத ஒரு பக்கத்துல செஞ்சிட்டீங்க. நாலு தோட்டத்துக்கும் இதான். அடியில உங்க பேரு போடுறோம்."

யோகேந்திரனுக்குக் கண் கலங்கிவிட்டது. மேசை பிழைத்தது! ஓடிப் போய்ச் சன்னலில் ஒட்டிய நாளிதழைச் சர்ரென்று கிழித்தார்.

வெளியே பனி விலகியிருந்தது. ஆனால் சரிவு தெரியவில்லை. கண்ணாடியை ஒட்டிப் பதினைந்து இருபது பேர், ஆளுக்கொரு கைப்பேசியோடு நின்றிருந்தார்கள். முன்னால் நின்ற உமாதேவி, தாளும் கையுமாக வாசலுக்குப் போய்விட்ட மேடத்துக்கும் கேட்கும்படி கத்தினாள்:

"ஐயா, பரீட்சைதான் முடிஞ்சிருச்சே, இப்பவாச்சும் நவமணியக்காவ வெளிய விடுங்க லா! லயம் பூரா எங்களுக்கு இந்த ஆப்பைப் போட்டுக் குடுத்ததே அவங்கதான், புதன்கிழமையிலேர்ந்து கோளாறானத வேற யாரு வந்து சரி பண்ணுவா?"