முன்னால் போனவன்

"போலீஸு தொரத்தக் கூடாதுன்னு மேலருந்து ஆர்டர் வந்துகீது நைனா. இனிமே நம்பரைக் குறிச்சுக்குவாங்க, ஃபைனு வூட்டுக்கு வரும். அவ்ளோதான் மேட்டர்."

"ஆர்டர் ஸ்டேஷன்ல கீது. அவரு பைக்ல கீறாரே!"

"சும்மா குந்திகினுதானே கீறாரு? ஓட்டலியே?"

"புலியும் பாயறதுக்கு முந்தி குந்திகினுதான் இருக்கும் மாமு."

ஆர்டரைப் பற்றிச் சொன்னவன் வசீம், புலியைப் பற்றிச் சொன்னவன் அவன் கூட்டாளி வெற்றி. டோல்கேட் முனையில் கமால் பாயின் டீக்கடையில், வெற்றி பன் அடுக்கிய கண்ணாடி ஜாடிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஜாடி சின்னது, வெற்றியின் முகம் பெரியது. இரண்டு பக்கமும் காது தெரிந்தது.

எதிர்ச்சாரியில், ஒரு சந்தின் வாயில், டிராஃபிக் ஏட்டு சிலுவைமுத்து தன் பழைய பைக்கில் ஒரு காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கண்கள் திருவொற்றியூர் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தன.

"ட்ரெஸ்ஸப் பார்த்தியா?" என்றான் வெற்றி.

மூன்று பேரும் பார்த்தார்கள். கீழே காக்கிப் பேன்ட். மேலே வெறும் பனியன். ஒரு காலில் தோல் செருப்பு, இன்னொரு காலில் நீல நிற ரப்பர் செருப்பு.

"மஃப்டி," என்றான் வெற்றி.

"பாதி மஃப்டி," என்று திருத்தினான் வசீம்.

கமால் பாய் டீயை ஆற்றிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். "யூனிஃபார்ம்ல தொரத்துனாதான கேள்வி வரும்? அதான் கீழ போலீஸு, மேல பப்ளிக். கேட்டா பனியனைக் காட்டுவாரு."

இந்த விளக்கம் மூவருக்கும் திருப்தியாக இருந்தது. ஒரு மனிதன் அப்படி வந்து தெருவில் நிற்பதற்கு வேறு காரணமும் இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. போலீஸ்காரருக்கும் வீடு என்று ஒன்று உண்டு என்பது டீக்கடையில் அவ்வளவு சுலபமாக நினைவுக்கு வருகிற விஷயமல்ல.

வெற்றி பயந்ததற்குக் காரணம் இருந்தது. வேகமாகப் போனதற்காக அவன் ஏற்கெனவே இரண்டு முறை மாட்டியிருந்தான். மூன்றாம் முறை மாட்டினால் லைசன்ஸைப் பறித்துவிடுவோம் என்று சொல்லித்தான் விட்டிருந்தார்கள். மறுநாள் திங்கட்கிழமை, எண்ணூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் டிரெய்லர் ஓட்டும் வேலையில் சேர வேண்டும். வாசலிலேயே லைசன்ஸைக் கேட்பார்கள். மனைவி சௌமியா புதுக் காக்கிச் சட்டையும் பேன்ட்டும் தைத்து வாங்கி, கத்தி மாதிரி மடிப்பு வைத்து இஸ்திரி போட்டு, "நாளைக்குத்தான் போடணும்" என்று சொல்லி மாட்டி வைத்திருந்தாள். டீக்கடைக்குக் காட்டாத சட்டை என்ன சட்டை என்று வெற்றி இன்றைக்கே போட்டுக்கொண்டு வந்துவிட்டான். பின்னால், நடந்து முடிந்த அந்த ஞாயிற்றுக்கிழமையில் ஒரே ஒரு காரியத்தை மாற்றலாம் என்று யாராவது வரம் கொடுத்தால், அவன் முதலில் அந்தச் சட்டையைத்தான் கழற்றுவான்.

"தொரத்தறது தப்பு," என்றார் கமால் பாய். "பையன் வேகமாப் போறான். பின்னால போலீஸு வந்தா இன்னும் வேகமாப் போவான். ஒரு தப்பு ரெண்டு தப்பாவுது. இவனையே பாரேன், கால்ல கம்பி வெச்சுகினு கீறான்."

வசீமின் வலது காலில் நிஜமாகவே கம்பி இருந்தது. போன வருஷம் கல்மண்டபம் திருப்பத்தில், சிலுவைமுத்து துரத்தும்போது விழுந்த கால்.

"தொரத்தலன்னா அப்புறம் எவன் பயப்படுவான் பாய்?" என்றான் வசீம். அடிபட்டவனே போலீஸ் கட்சி பேசுவது கமால் பாய்க்குத் தாங்கவில்லை. "அவரா என்னைத் தள்ளுனாரு? வராரான்னு நான் திரும்பிப் பாத்தேன், வுழுந்தேன். தொரத்துனா திரும்பிப் பாக்கக் கூடாது. அது ஒண்ணுதான் நான் கத்துகினது. ஆஸ்பத்திரில என் கட்டிலாண்ட குந்திகினு அழுதவரு யாரு? அவருதான். அன்னிலருந்து அந்த மனுசன் பஸ்ஸைக்கூட தொரத்தி ஏறினதில்ல."

அது உண்மைதான். அந்த விபத்துக்குப் பிறகு சிலுவைமுத்து ஆமை வேகத்தில்தான் எதையும் செய்தார். சிக்னலை மீறுகிறவனைப் பார்த்து, "ஏம்பா, பாத்துப் போயேம்பா" என்று கெஞ்சுவதாக ஊரே சிரித்தது.

அப்போதுதான் சைரன் கேட்டது.

திருவொற்றியூர் பக்கமிருந்து ஓர் ஆம்புலன்ஸ் வந்தது. டோல்கேட்டில் வழக்கம்போல் கன்டெய்னர் லாரிகள் அடைத்து நின்றன. ஆம்புலன்ஸ் வேகம் குறைந்து, ஊர்ந்து, கிட்டத்தட்ட நின்றேவிட்டது. டிரைவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார்.

வெற்றி எழுந்துவிட்டான்.

"வேணாம் மாமு," என்றான் வசீம். "எதிர்லயே கீறாரு."

"பேஷன்ட்டு உள்ள கீதுடா. வழி தெரியாம முழிக்கறான் பாரு."

இதில் வெற்றியிடம் வாதம் செய்து பயனில்லை. அவன் அப்பா இதே சாலையில்தான், லாரிகளுக்கு நடுவில் நின்றுபோன ஓர் ஆம்புலன்ஸுக்குள், பெரியாஸ்பத்திரியின் மாடி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இறந்துபோனார். அன்றிலிருந்து எந்த ஆம்புலன்ஸைப் பார்த்தாலும் வெற்றி பைக்கை எடுத்துக்கொண்டு அதற்கு முன்னால் போய், ஹார்ன் அடித்து, லாரிக்காரர்களைத் திட்டி, வழி விலக்கி, ஆஸ்பத்திரி வாசல்வரை கொண்டுபோய் விடுவான். அதில்தான் இரண்டு முறையும் மாட்டினான்.

பைக்கை உதைத்தான். ஆம்புலன்ஸின் முன்னால் போய் நின்று, இடது கையை உயர்த்தி, வா என்று காட்டினான்.

டிரைவரின் முகம் மலர்ந்தது. தேடிய பொருள் கிடைத்தவர் மாதிரி தலையை ஆட்டி, விளக்கை இரண்டு முறை சிமிட்டினார். இத்தனை வருஷத்தில் எந்த டிரைவரும் இவ்வளவு சீக்கிரம் நன்றி சொன்னதில்லை என்று வெற்றிக்கு நெஞ்சு நிறைந்தது.

அந்தச் சந்தின் வாயைத் தாண்டும்போது சிலுவைமுத்து இரண்டு கைகளையும் தூக்கி என்னவோ கத்தினார். வெற்றி தலையைக் குனிந்துகொண்டு பறந்தான்.

சிறிது தூரத்தில் பின்னாலிருந்து விடாமல் ஒரு ஹார்ன் கேட்டது. ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு வந்த ஒருவன் கூவினான். "அண்ணே, ஏட்டு தொரத்திகினு வராருண்ணே!"

வெற்றியின் பைக்கில் கண்ணாடி கிடையாது. ஸ்டைலுக்காக இரண்டையும் கழற்றியிருந்தான். திரும்பிப் பார்க்கலாம். ஆனால் வசீமின் கால் ஞாபகம் வந்தது. பஸ்ஸைக்கூடத் துரத்தாத மனுஷன் துரத்துகிறார் என்றால், தன் மேல் எவ்வளவு பெரிய கோபம் இருக்க வேண்டும் என்று நினைத்தான். வேகத்தைக் கூட்டினான்.

ஆம்புலன்ஸும் கூட்டியது.

லாரிகள் விலகின. தேருக்குக் கூட்டம் வழிவிடுவதுபோல் அந்த இரும்பு மலைகள் இரண்டு பக்கமும் ஒதுங்கின. வாழ்நாளில் அவ்வளவு அழகாக அவன் வண்டி ஓட்டியதில்லை. எத்தனையோ நாள் கழித்தும், வெட்கத்தோடுதான் என்றாலும், அவனால் அதை மறக்க முடியவில்லை.

கல்மண்டபம் வந்தது. ஆஸ்பத்திரிக்கு இனி நேர்வழி. ஆம்புலன்ஸை நேரே அனுப்பிவிட்டு நாம் இடதுபக்கம் நழுவிவிடலாம் என்று கணக்குப் போட்டான். நேரே போ என்று கையை நீட்டிக் காட்டிவிட்டு, சட்டென்று இடதுபக்கம் திருப்பினான்.

ஆம்புலன்ஸும் இடதுபக்கம் திரும்பியது.

"டேய், நேராப் போடா!" திரும்பாமலே கத்தி, கையை முன்னால் முன்னால் என்று வீசினான். சீக்கிரம் வரச் சொல்கிறான் என்று புரிந்துகொண்ட டிரைவர் ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்தினார்.

அடுத்த சந்தில் புகுந்தான். ஆம்புலன்ஸும் புகுந்தது. அதற்கடுத்த சந்து ஆம்புலன்ஸைவிட அகலம் குறைவு என்று நினைத்து அதில் நுழைந்தான். அரை விரல் அகலம் அதிகம் இருந்தது. காய்ந்துகொண்டிருந்த துணிகளில் ஒரு சிவப்புப் பாவாடையைச் சைரன் மேல் போட்டுக்கொண்டு ஆம்புலன்ஸ் வெளியே வந்தது. அதற்குப் பின்னால் சிலுவைமுத்துவின் ஹார்ன்.

கடைசியில் மூன்று வண்டிகளும் மீன்பிடித் துறைமுகத்துக்குள் நுழைந்தன. ஞாயிற்றுக்கிழமை. ஊரே மீன் வாங்க வந்திருந்தது. மீன்காரி அங்கம்மா கூடையை இழுத்துக்கொண்டு ஒதுங்கினாள்.

"ஏய் கஸ்மாலம்! ஆஸ்பத்திரி வண்டிய இன்னாத்துக்குடா மார்க்கெட்டுக்கு இட்டாந்துகினு கீற? உள்ள கீறவங்களுக்கு வஞ்சிரம் வேணுமாமா?"

வெற்றி மீன் ஏலக் கூட்டத்தைத் தாண்டி, ஐஸ் வண்டிகளைத் தாண்டிப் போனான். அதற்கப்புறம் தாண்டுவதற்கு எதுவும் இல்லை. முன்னால் படகுகளும் கறுத்த தண்ணீரும்தான். பிரேக் போட்டான். ஒரு சாண் பின்னால் ஆம்புலன்ஸ் நின்றது.

போலீஸ்காரர் முதலில் செய்கிற வேலை என்ன? வண்டிச் சாவியைப் பிடுங்குவது. சாவி போனால் வண்டி போனது, வண்டி போனால் கேஸ், கேஸ் வந்தால் லைசன்ஸ். வெற்றியின் மூளை அன்றைக்கு அதிவேகமாக வேலை செய்தது. சாவியை உருவி, இரண்டு விசைப்படகுகளுக்கு நடுவே தூக்கி எறிந்தான். தண்ணீர் அதை ஒரு மிட்டாய் மாதிரி விழுங்கியது. 'இப்போ எதைப் புடுங்குவாரு?' என்று நினைத்தான். அந்த நிமிஷம் தன்னைவிடப் புத்திசாலி ராயபுரத்தில் இல்லை என்று தோன்றியது.

சைரன் நின்றது. பின்கதவு திறந்து ஒரு நர்ஸ் பையோடு குதித்தாள். டிரைவர் ஓடிவந்து ஸ்ட்ரெச்சரை இழுத்தார். ஸ்ட்ரெச்சரில் வெள்ளை விரிப்பு இருந்தது. அதில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"பேஷன்ட் எங்க?" என்று வெற்றியும் நர்ஸும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டிரைவர் தர்மபுரிக்காரர், சென்னைக்குப் புதிது. படகுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு மரியாதையாகக் கேட்டார்.

"வீடு படகுலயா சார்?"

"யார் வூடு?"

"என்னங்க இது?" என்றாள் நர்ஸ். "நெஞ்சுவலி கேஸ். சந்து கண்டுபிடிக்க முடியாது, டோல்கேட்டாண்ட காக்கி போட்டவர் ஒருத்தர் பைக்ல நிப்பாரு, அவர் பின்னாலயே வந்துடுங்கன்னு பக்கத்து வீட்டம்மா போன்ல சொன்னாங்க. நீங்கதானே வந்து கை காட்டினீங்க?"

வெற்றி குனிந்து தன் சட்டையைப் பார்த்தான். இவ்வளவு தூரம் வந்தும் சௌமியா வைத்த மடிப்பு கலையாமல் இருந்தது.

அந்த வழக்கம் அவனுக்குத் தெரியாததல்ல. அந்தப் பக்கத்துச் சந்துகளில் கதவு எண்கள் வரிசையாக இருக்காது. அதனால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால், வீட்டிலிருந்து ஒருவர் மெயின்ரோட்டுக்கு வந்து நின்று முன்னால் போய்க் கூட்டிக்கொண்டு போவார். நோயாளியோடு போகிற ஆம்புலன்ஸுக்கு முன்னால் போகிறவன் ஒருவன், நோயாளியிடம் வருகிற ஆம்புலன்ஸுக்கு முன்னால் போகிறவன் இன்னொருவன். முதுகுப் பக்கமிருந்து பார்த்தால் இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் இருப்பார்கள்.

அவன் அன்றைக்கு முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தான்.

ஏலக் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு சிலுவைமுத்து வந்துகொண்டிருந்தார். பைக் இல்லை. துறைமுக வாசலில் பெட்ரோல் தீர்ந்து நின்றிருந்தது. நீலச் செருப்பும் எங்கோ கழன்றுவிட்டது. பஸ்ஸைத் துரத்தாத மனிதர், ஒற்றைச் செருப்போடு, வாயைத் திறந்துகொண்டு ஓடிவந்தார்.

"மெதுவா வா நைனா, அவன் எங்க போயிடுவான், முன்னால தண்ணிதான் கீது!" என்று அங்கம்மா ஆறுதல் சொன்னாள்.

சிலுவைமுத்து ஆம்புலன்ஸின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது. வெற்றிக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. பையிலிருந்து லைசன்ஸை எடுத்து, இரண்டு கைகளாலும் அவரிடம் நீட்டினான்.

"சார்... தப்பு என்னுதுதான் சார். எடுத்துக்குங்க சார்."

அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. நீட்டிய கைகளை அப்படியே பிடித்துக்கொண்டார்.

"அது இன்னாத்துக்குப்பா எனக்கு... அங்க என் வூட்டுக்காரி நெஞ்சைப் புடிச்சுகினு கீறாப்பா. போற வழியெல்லாம் லாரி மறுபடி அடைச்சிருக்கும், என் வண்டியும் நின்னுபோச்சு. நீயே முன்னால போப்பா... எவ்ளோ வேகமா முடியுமோ, அவ்ளோ வேகமாப் போப்பா."

வெற்றி தன் பைக்கைப் பார்த்தான், பிறகு சாவியை விழுங்கிய தண்ணீரைப் பார்த்தான்.