சுத்தம் மாமாவுக்கு வாராவாரம் வந்த அழைப்பு

காஞ்சிபுரத்துத் தூசிக்கு வாய் இருந்தால், அது முதல் புகாரைச் சுத்தம் மாமா மீதுதான் கொடுத்திருக்கும். சின்ன காஞ்சிபுரத்தில் நான் கணக்கு எழுதிய பட்டுப்புடவைக் கடையில் கடிதப் போக்குவரத்து அவர் பொறுப்பு. வாடிக்கையாளர் உட்காருமுன் பாயைத் துடைப்பார், எழுந்ததும் துடைப்பார். சிலர் எழுந்திருக்கும்வரை பொறுக்கமாட்டார். ஓரத்திலிருந்து துடைத்துக்கொண்டே நெருங்குவார்.

இதனால் ஊரில் யாரும் அவரைக் கல்யாணத்துக்கு அழைப்பதில்லை. ஒரு கல்யாணத்தில் சமையற்கட்டுக்குள் புகுந்து, கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களை மறுபடி கழுவினார். பந்தி தாமதமாகி, சம்பந்திகள் சண்டைக்கு வந்தார்கள். இன்னொன்றில், மணமேடை ஏறவிருந்த மாப்பிள்ளையை நிறுத்தி, "கால அலம்பிண்டு வாங்கோ" என்றார். அத்தோடு பத்திரிகைகள் நின்றுபோயின. கடையில் யாராவது முதலாளிக்குப் பத்திரிகை வைத்தால், மாமா அந்தப் பக்கம் திரும்பி ஜன்னல் கம்பியைத் துடைப்பார். பளபளத்த கம்பிதான் அது.

அப்போதுதான் கடைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. டெலிபோன் லைன் கீச்சிட்டு, முனகி, பிறகு மனமிரங்கி மெயிலைக் கொடுக்கும் காலம். மெயில் பார்ப்பது மாமா வேலை. மெஷின் படுத்தினால் சரிசெய்வது என் வேலை. வந்த கடிதத்துக்கு அன்றே பதில் என்பது மாமாவின் விரதம்.

ஒரு சனிக்கிழமை, பழைய மெயில்கள் அத்தனையும் மறுபடி வந்து இறங்கின. அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. மாமா சளைக்காமல் எல்லாவற்றுக்கும் மறுபடி பதில் போட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"இன்னாபா இது? ஒரே பதிலை எத்தினி வாட்டி அனுப்புவீங்கன்னு பெங்களூர் பார்ட்டி போன்ல கேக்கறாரு. சரி பண்ணுபா. இல்லாங்காட்டி பொட்டியத் தூக்கி வெளிய வெச்சிடுவேன்."

நான் எல்லா செட்டிங்கையும் பார்த்தேன். ப்ரோக்ராமையே எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். சனிக்கிழமை வந்தது; மெயில்களும் வந்தன.

அவற்றில் ஒன்று கல்யாணப் பத்திரிகை. எங்களிடம் முகூர்த்தப் புடவை எடுத்த சிங்கப்பூர் குடும்பம், காஞ்சிபுரத்திலேயே கல்யாணம் வைத்து, தெரிந்த முகவரிக்கெல்லாம் அனுப்பியிருந்தது. அது ஐந்தாம் முறையாக வந்த அன்று மாமா கண்கலங்கிவிட்டார்.

"பாத்தேளா? நேர்ல வந்து அழைக்க முடியலையேன்னு வாராவாரம் கூப்பிடறா. இவ்வளவு ஆசையாக் கூப்பிட்டா போகாம இருக்கலாமோ?"

"அது வந்து மாமா... மெஷின்ல ஏதோ கோளாறு."

"அதுக்கென்ன? நேத்திக்குக்கூடத் தொடச்சேனே!"

"எதைத் தொடச்சீங்க?"

"வெள்ளிக்கிழமையோன்னோ? வெளியில சந்தனம் குங்குமம் வெச்சேன். உள்ள, புரியாத பேர்ல ஒரு குப்பை வாராவாரம் மொளைக்கறது. அதைப் பெருக்கித் தள்ளினேன்."

பிடிபட்டது. முதலாளியின் மகன் சென்னையிலிருந்து அதே மெயில்களைப் பார்ப்பதால், சர்வரில் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் இருக்கும். 'இவற்றையெல்லாம் ஏற்கெனவே கொண்டுவந்தாயிற்று' என்று ப்ரோக்ராம் குறித்து வைத்துக்கொள்ளும் கோப்புதான் மாமாவின் குப்பை. அதை அவர் பெருக்கித் தள்ள, ஞாபகம் போன ப்ரோக்ராம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சுமந்து வந்தது.

"அது மெயில் கணக்கு எழுதற கோப்பு மாமா. தொடாதீங்க."

"அடடே, உம்ம ஜாதியா? இருந்துட்டுப் போகட்டும்."

பத்திரிகை விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் அங்கவஸ்திரம் துவைக்கக் கிளம்பிவிட்டார். அவரை யாராவது வாசலிலேயே நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், கல்யாணத்துக்கு நானும் கூடவே போனேன்.

மண்டப வாசலில் பெண்ணின் அப்பா எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க...?"

"பட்டுக்கடை. கடுதாசி எழுதறவன்," என்றார் மாமா.

அவர் மாமாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "வாராவாரம் என் பொண்ணுக்கு ஆசீர்வாதம் அனுப்பினது நீங்கதானா! சொந்தக்காரங்க பாதிப் பேர் ஒரு வரிகூட எழுதல சார். உள்ள வாங்க, சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

முதல் பந்தியில் உட்கார்ந்தோம். மாமா சமையற்கட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. தண்ணீர் தெளித்துத் தன் இலையைத் துடைத்தார். பிறகு என்னைக் கேட்காமலேயே என் இலையையும் நரம்பு நரம்பாகத் துடைத்துவிட்டார்.

இப்போதெல்லாம் பந்தியில் என் இலையை நானேதான் துடைத்துக்கொள்கிறேன். அவ்வளவு சுத்தமாக வருவதில்லை.