மோடம் அண்ணாச்சியின் ஒற்றை லைன்

தாராவியில் இன்டர்நெட்டையே செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்க்க வைத்த மனிதர் மோடம் அண்ணாச்சி ஒருவர்தான். அவருடைய ஜெராக்ஸ் கடை வாசலில் இருபது ஜோடி செருப்பு கிடக்கும். உள்ளே இருந்ததோ, ஏதோ ஆபீஸ் கழித்துக்கட்டிய ஒரே ஒரு கம்ப்யூட்டர்.

மோடம் கீச்சிட்டு டயல் செய்யத் தொடங்கினால் அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "இன்னைக்கு இதுக்குத் தொண்ட கட்டிருக்கு. பொறவு வா பிள்ள" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

பம்பாய்த் தமிழர்களுக்காக அவர் நடத்திய அரட்டை அறை இன்னும் வேடிக்கை. புதிதாக யார் நுழைந்தாலும், "எந்த ஊரு? யாரு மவன்?" என்று இங்கிலீஷ் எழுத்தில் தட்டுவார். 'இளவரசன்' என்ற பெயரில் பெண்களிடம் வழிய வந்த ஒருவன், பத்தே நிமிடத்தில் டிராம்பேயில் இருக்கும் அவருடைய சகலையின் பிள்ளை என்று தெரிந்துபோனது. அன்றோடு அவன் அந்தப் பக்கமே வரவில்லை.

கடைக்கும் மாடியில் இருந்த அவர் வீட்டுக்கும் ஒரே போன் லைன். மேலே ரிசீவரைத் தூக்கினால் கீழே நெட் அறுந்துவிடும். அதனால் நெட் ஓடும்போது துடைப்பக்கட்டையால் கூரையை இரண்டு முறை இடிப்பார். போனைத் தொடாதே என்று அர்த்தம். பதிலுக்கு மேலேயிருந்து அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் மதினி, ஓங்கி ஒரு மிதி மிதிப்பார். அதற்கு என்ன அர்த்தம் என்று அண்ணாச்சி எங்களுக்குச் சொன்னதில்லை.

அப்பா வேலை பார்த்த தோல் பட்டறை மூடிக் கிடந்த சமயம். புனே கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். மாலை ஐந்து மணிக்குள் சான்றிதழ்களை ஈமெயிலில் அனுப்பாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு.

நாலரைக்கு உட்கார்ந்தேன். முக்கால்வாசி போனதும் அறுந்தது. மதினி போனை எடுத்துவிட்டார். "ஏங்க, லைன விடுங்க!" என்று ஏணியில் நின்று கத்தினார். "கொஞ்சம் சும்மா இரி" என்று மேலே ஏறிய அண்ணாச்சி, போனையே கழற்றிக்கொண்டு வந்து மடியில் வைத்துக்கொண்டார்.

மறுபடி டயல். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"அண்ணாச்சி, நாலு அம்பது ஆயிட்டு!"

"பதறாத பிள்ள. போவும்."

சொன்னவரின் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டிக் கிடந்தது. நம்மேல் இவ்வளவு அக்கறையா என்று நினைத்தேன். மதினி ஏணிப்படியில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். என்மேல் கோபம் என்றுதான் நினைத்தேன்.

ஐந்துக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது கடிதம் போய்ச் சேர்ந்தது. அண்ணாச்சி பாய்ந்து மோடம் ஒயரைப் பிடுங்கிப் போனைச் சொருகினார். சொருகிய கையோடு மணி அடித்தது.

"மாப்ள... சொல்லுங்க... ரெண்டு பேரும் நல்லாருக்காங்களா?" என்று கேட்டவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்த அவருடைய மகளுக்கு, பிரசவத்துக்கு நாள் இருக்கும்போதே வலி வந்து, அன்று ஆபரேஷன். மதினி ரயிலேறக்கூட நேரமில்லை. மாப்பிள்ளை அரை மணி நேரமாக அடித்தும் எங்கேஜ்டு. தாயும் பிள்ளையும் நலம் என்ற சேதி இப்போதுதான் வந்து சேர்ந்தது.

"ஏன் அண்ணாச்சி எங்கிட்ட சொல்லல?" அழுதேவிட்டேன்.

"சொன்னா நீ எந்திரிச்சுப் போயிருவ. அவளுக்கு அங்கன டாக்டரு இருக்காரு. ஒனக்கு இங்கன நான்தான இருக்கேன்?"

அந்த வேலை கிடைத்தது, குடும்பமும் நிமிர்ந்தது. இப்போது என் வீட்டில் அறுந்துபோகாத நெட் ஓடுகிறது. ஆனாலும் முக்கியமான கடிதம் எதையாவது அனுப்பும்போது, பக்கத்தில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தால் தேவலை என்றிருக்கும்.