தவசிமுத்து ஜப்பான் மொழி வென்ற படலம்

வாழி தவசிமுத்து! மலைச்சாரல் காற்றையும் பஞ்சுத் தூசியையும் சரிபாதியாக உண்டு விம்மிய மார்பினரே, ஸ்பேனரை வாளாகவும் எண்ணெய்க் குப்பியைச் சங்காகவும் ஏந்திய செங்கையரே, கிரீஸ் படிந்த காக்கிச் சட்டையே கவசமாக ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றின் ஃபிட்டர் பட்டறையில் கொலுவீற்றிருந்த கோமானே, வாழி, வாழி! உயிரோடு இருக்கையில் ஒரு சொல் புகழ்ந்தாலும் "ஏட்டி, சும்மா கெட" என்று வாயை அடைத்துவிடும் அப்பெருந்தகை போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. இனித் தடுக்க ஆளில்லை என்ற துணிவில், அவருடைய பட்டத்தரசியும் தொடக்கப்பள்ளி ஆசிரியையுமாகிய தங்கபாய், அதாவது நான், அவர் தன்னந்தனியாக நின்று ஜப்பானிய மொழியோடு பொருத பெரும்போரை நினைவில் உள்ளபடி பாடுகிறேன். எங்கள் வீட்டு மண்ணெண்ணெய் அடுப்பின்மேல் ஆணை, இதில் பொய் கொஞ்சம்தான்.

போர் மூண்ட காரணம் கேளுங்கள். எண்பதுகளின் கடைசியில் மில் முதலாளி, நூலைக் காகிதக் கோன்களில் சுற்றும் புது மெஷின் ஒன்றைக் கடல் கடந்து ஜப்பானிலிருந்து வரவழைத்தார். ஒரு வரிசைப் பெண்கள் செய்யும் வேலையை ஒற்றையாய்ச் செய்து முடிக்கும் அந்த அரக்கன் வந்தால், பழைய மெஷின்கள் காயலான் கடைக்குப் போகும். அவற்றைத் தாலாட்டி வளர்த்த ஃபிட்டர்கள் இருவரில் ஒருவருக்கு இங்கே வேலை இராது. ஒருவர் நம் கோமான். மற்றவர் வைகுண்டராஜ், பாலிடெக்னிக் படித்த இளஞ்சிங்கம், எண்ணெய் படாத தலைமுடியினர். ஷிப்ட் மாறும் வேளையில், ஆலைச் சங்கு ஊதி ஓய்ந்த மறுகணம், மேனேஜர் பஞ்சுப் பொதியொன்றின்மேல் கைவைத்து நின்று திருவாய் மலர்ந்தருளினார்:

"மெஷின் மாட்ட ஜப்பான்காரர் வாரார். பக்கத்துல ஒருத்தர்தான் நிக்கலாம். யார் கூட அவருக்கு ஒத்துப்போகுதோ அவரு இங்கயே இருக்கட்டும். இன்னொருத்தர் கோயம்புத்தூர்க் கிளைக்குப் போயிரணும்."

கோயம்புத்தூர்! அச்சொல் எங்கள் வீட்டு ஓட்டுக் கூரையில் இடியாக இறங்கியது. என் வேலை இங்கே. அவர் கிளைக்குப் போனால், மாதத்தில் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை அழுக்குத் துணி மூட்டையோடு வந்து, துவைத்த துணியோடு திரும்பும் விருந்தாளியாகிவிடுவார். ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து முடித்து, ஏழுலகும் அதிர அவர் சூளுரைத்தது இவ்வளவுதான்:

"ஏட்டி, நான் ஜப்பான் பாஷை படிக்கப் போறேன்."

"மொதல்ல ரேஷன் கடைக்குப் போங்க. சீனி போடுதானாம்," என்று நானும் பதிற்சூள் உரைத்தேன்.

சூளுரைத்தவருக்குப் படைக்கலம் வேண்டாமா? அது ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்தது. அங்கே என் அண்ணன் ஐயாதுரை பால்கோவாக் கடை வைத்திருந்தான். பொட்டலம் மடிக்க எடைக்கு வாங்கிய பழைய தாள் மூட்டைக்குள், எந்த ஊர்ப் புண்ணியவான் போட்டதோ, ஆங்கிலம் வழியாக ஜப்பானிய மொழி கற்பிக்கும் ஒரு புத்தகம் கிடந்தது. அண்ணன் கண்டுபிடித்தபோது அதில் பெரும்பகுதி பால்கோவாவோடு பயணம் போயிருந்தது. எண்கள் பாடம் மதுரைக்கும், ரயில் நிலையப் பாடம் சென்னைக்கும், கடைவீதி, அலுவலகம், முதல் சந்திப்பு, பிரியாவிடை ஆகிய பாடங்கள் ஆண்டாளைச் சேவிக்க வந்தவர்களோடு எந்தெந்தத் திக்குக்கோ போய்விட்டன. எஞ்சியவை எழுத்து அட்டவணை ஒன்றும், 'வீட்டில்' என்ற பாடம் ஒன்றும்தான்.

"இந்தாரும் மாப்ளே," என்று அண்ணன் அதை நீட்டினான். "இருக்கிறதப் படிச்சாப் போதும். அம்புட்டு ஜப்பானும் ஒமக்கு எதுக்கு?"

அன்று மாலையே முரசு கொட்டியது. அட்டவணையில் அணிவகுத்து நின்ற எதிரிப் படையை நம் வீரர் நெற்றிக்கு மேல் கைவைத்து நோக்கினார். சுழித்தவை, வளைந்தவை, வாலை உயர்த்தியவை, வாலே இல்லாதவை என்று ஒவ்வொன்றும் ஒரு விதமாக உறுமின. ஆயினும் முதல் வரிசையைப் படித்ததும் அவர் முகம் தாமரையாக மலர்ந்தது. அ, இ, உ, எ, ஒ. அடுத்தது க, கி, கு, கெ, கொ! "தங்கம், இது நம்ம அரிச்சுவடிதாம்ட்டீ! நடுவுல கொஞ்சம் களவு போயிருக்கு, அம்புட்டுத்தான்!" என்று அவர் கூவிய கூவலில் எதிரியின் கொடி சாய்ந்தது.

ஆலைக்காரர் போரை ஆலைக்காரராகவே நடத்தினார். நூல் சுற்றும் காகிதக் கோன்களில் நசுங்கியதைக் கழித்துப் போடுவார்கள். அப்படிக் கழிந்ததை வாங்கி வந்து, ஒவ்வொன்றின் அடிவிளிம்பில் ஒரு ஜப்பானிய எழுத்தையும், உட்புறத்தில் அதன் ஒலியைத் தமிழிலும் எழுதினார். கற்ற எழுத்தின் கோனை அடுக்களை மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்துச் செருகிக்கொண்டே போக, நாளுக்கு நாள் ஒரு கோபுரம் எழுந்தது. காலையில் நான் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு கோனை உருவி நீட்டுவேன். சரியாகச் சொன்னால் மறுபடி கோபுரத்தில் சேரும். தவறினால், ஆலை வழக்கப்படி அதற்கு 'அறுப்பு' என்று பெயர். அறுந்த நூலை ஒட்டாமல் மெஷின் ஓடாதல்லவா? அந்தக் கோன் சாக்குக்குள் போய் மாலைவரை தவம் கிடக்கும். இவ்வாறு கோபுரம் திங்கட்கிழமை அம்மிக்கு மேல் நிமிர்ந்து, புதன்கிழமை அம்மிக்குக் கீழே பணிந்து, வெள்ளிக்கிழமை ஜன்னலை எட்டிப் பார்த்து வளர்ந்தது.

'நு' என்றும் 'மெ' என்றும் இரட்டை அரக்கர் இருவர். வால்நுனியில் ஒரு சுழி தவிர வேறுபாடே அறியாத அவ்விருவரிடம் எம்பெருமான் பட்ட விழுப்புண்களை எண்ணிச் சொல்ல எனக்கு நாவில்லை. 'ஹோ' என்பவனையோ நானே வதம் செய்தேன். அடுப்புக்கு மண்ணெண்ணெய் ஊற்றப் புனலைத் தேடிக் கிடைக்காமல், கைக்கெட்டிய கோனைக் கவிழ்த்து ஊற்றிவிட்டேன். மை கரைந்து, எழுத்து எண்ணெயோடு எரிந்து, அன்றைய ரசமே ஜப்பானிய வாசனையாக மணந்தது.

"எழுத்தக் கொளுத்திப்புட்டியேட்டி!"

"ஒண்ணு கொறஞ்சா அவிய நாட்டுல என்ன பேசவா மாட்டாவ?"

இது நிற்க. எதிரணியில் வைகுண்டராஜோ மதுரையிலிருந்து கேசட் வரவழைத்து, காதில் கருவி மாட்டித் திரிந்தார். டீக்கடை வாசலில் நம்மவரைக் கண்டால் போதும்.

"என்ன அண்ணாச்சி, கோபுரம் எம்புட்டு ஒசரம்? கும்பாபிஷேகம் எப்ப?"

"கலசம் வைக்கையில ஒமக்குத்தான் தம்பி மொதப் பத்திரிகை," என்று நம்மவர் புன்னகை என்னும் கேடயத்தால் அக்கணையைத் தடுத்து, வீட்டுக்கு வந்து அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

பிறகு 'வீட்டில்' பாடம் வந்தது. அதன் முதல் வரியிலேயே நம் கோமான் திகைத்து நின்றார். எங்கள் பக்கத்தில் வாசல் தாண்டும் எவரும் 'போறேன்' என்று மொட்டையாகச் சொல்லமாட்டார்கள். போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்ல வேண்டும். மறந்து சொன்னவரைத் திரும்ப அழைத்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து அனுப்புவோம். ஜப்பானில் வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் 'இத்தே கிமாசு' என்பாராம். பொருள், போய்விட்டு வருகிறேன். இருப்பவர் 'இத்தேராஷ்ஷாய்' என்பாராம். போய்விட்டு வா. திரும்பியவர் 'ததாயிமா', இதோ வந்துவிட்டேன் என்க, வீட்டிலிருப்பவர் 'ஒகாயேரி' என்று வரவேற்பாராம்.

"இவிய நம்ம ஆளுவட்டீ!" என்று அவர் சைக்கிள் மணியை வீட்டுக்குள்ளேயே அடித்தார்.

அன்று முதல் காலைதோறும் வாசலில் "இத்தே கிமாசு" என்று கோமான் முழங்க, கரண்டியும் கையுமாக "இத்தேராஷ்ஷாய்" என்று நான் எதிர்முழங்க, மாலைதோறும் மற்ற இரண்டும் முழங்க, எங்கள் தெருவே பாசறையாயிற்று. பக்கத்து வீட்டு ஞானபாக்கியம் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டாள்: "டீச்சர், ஒங்க வீட்டுக்காரவிய தெனமும் போகையிலயும் வரையிலயும் ஒங்கள வையுதாவளே, நீங்களும் சரிக்குச் சரியாப் பேசுதீய?"

கோபுரம் ஜன்னலின் உச்சியைத் தொட்ட வாரத்தில் ஜப்பான் எஞ்சினியர் நிஷிமுரா வந்திறங்கினார். நரைத்த மீசையும் வெளுத்த தொப்பியுமாக ஒல்லியான மனிதர். வைகுண்டராஜ் முன்சென்று இடுப்பு வரை வளைந்து, கேசட்டே நாணும்படி "ஹஜிமெமாஷிதே" என்ற முதல் சந்திப்பு வணக்கத்தோடு தொடங்கி அருவியாகப் பொழிந்தார். மகிழ்ந்துபோன நிஷிமுரா பதிலுக்கு ஒரு பேரருவியைத் திறந்துவிட்டார். கேசட்டில் அதற்கு மறுமொழி இல்லை. வைகுண்டராஜ் மறுபடி வளைந்து, முதலிலிருந்து "ஹஜிமெமாஷிதே" என்றார்.

நம் வீரர் புன்முறுவலோடு மெஷின் பெட்டியின் பலகைகளைப் பெயர்த்து, உள்ளே ஒட்டியிருந்த எழுத்துக்களைப் படிக்கக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. அங்கே இருந்த எழுத்துக்களில் அவர் வென்றது ஒன்றுகூட இல்லை! ஜப்பானியருக்கு எழுத்துப்படை ஒன்றல்ல, மூன்று என்பதையும், அடுக்களையில் அவர் அடுக்கியது அவற்றுள் முதல் படையை மட்டுமே என்பதையும், மெஷின்மேல் ஏறியிருந்தவை மற்ற இரண்டும் என்பதையும் சொல்லியிருக்க வேண்டிய பக்கத்தில் எந்த ஊரிலோ எவரோ பால்கோவா தின்றுகொண்டிருந்தார்கள். தேர்க்கால் புதைந்து, வில் முறிந்து, அம்பறாத்தூணி வெறிதாகி, நம் கோமான் அன்று முழுதும் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுப்பவராகவே நின்றார்.

சங்கு ஊதியது. எல்லாரும் கிளம்பினர். மேனேஜர் "குட்நைட்" என்றார். வைகுண்டராஜ் பிழையறப் பயின்ற "சயோனரா"வை ஏவினார். நிஷிமுரா தலையை மட்டும் அசைத்துவிட்டு, பெட்டிமேல் உட்கார்ந்து அளவு குறிக்கத் தொடங்கினார். நம் வீரருக்குப் பிரியாவிடைச் சொல் ஏது? அந்தத் தாள் போய் எத்தனையோ மாதம் ஆகிவிட்டதே. மனம் கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டது; வாய் மட்டும் பழக்கதோஷத்தால் வாசலில் திரும்பி, எங்கள் வீட்டு வாசலில் முழங்குவது போலவே முழங்கியது.

"இத்தே கிமாசு!"

நிஷிமுராவின் பென்சில் நின்றது. தன் வீட்டை விட்டுக் கிளம்புகிற மனிதன் தன் வீட்டாரிடம் சொல்லும் சொல்லை, பஞ்சுத் தூசி பறக்கும் ஒரு கொட்டகையில், கிரீஸ் கையோடு ஒருவர் தன்னிடம் சொல்லக் கேட்டு அவர் எழுந்து நின்றார். முதலில் மீசை சிரித்தது. பிறகு தோள்கள் சிரித்தன. பிறகு, வாசல்வரை நடந்து வந்து, தன் பிள்ளையை அனுப்புவது போல மெதுவாகச் சொன்னார்.

"இத்தேராஷ்ஷாய்."

மறுநாள் காலை நம்மவர் கொட்டகைக்குள் கால் வைத்து "ததாயிமா" என்றதும், எங்கோ மெஷினின் வயிற்றுக்குள்ளிருந்து "ஒகாயேரி!" என்று குரல் வந்தது. அன்று மதியம் நிஷிமுரா தம் உடைந்த ஆங்கிலத்தில் மேனேஜரிடம் தீர்ப்புரைத்தார்: "ஒருவர் நன்றாகப் பேசுகிறார். இவர் திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போகிறார், சொன்னபடி வருகிறார். மெஷினுக்கு இவர் வேண்டும்." வைகுண்டராஜ் கிளைக்குப் போய், அங்கே சூப்பர்வைசராக உயர்ந்து, கல்யாணத்துக்கு எங்களுக்குத்தான் முதல் பத்திரிகை அனுப்பினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முழங்குக முரசே! ஊதுக ஆலைச் சங்கே! பஞ்சு மார்க்கெட் வழியே, ஒரு கையில் டிபன் கேரியர் வெண்சங்காக மின்ன, மறு கையால் மணியடித்தபடி, மலையிறங்கும் மாலைச் செங்கதிர் குடைபிடிக்க, மாட்டுவண்டிகள் விலகி வழிவிட, டீக்கடைப் பெஞ்சுகள் எழுந்து நோக்க, கடல் கடந்த பேரரசின் ஒற்றை மாவட்டத்தை ஒற்றைப் பாடத்தால் வென்ற எங்கள் கோமான் சைக்கிள் என்னும் புரவிமேல் நகர்வலம் வந்து, வாசலில் ஒரு கால் ஊன்றி, தெரு அதிர "ததாயிமா" என்று வெற்றி முழக்கமிட்டார்.

அதற்குப் பிறகு ரிட்டையர் ஆகும்வரை அவர் தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவார்.